டெஸ்ட் பச்சையான பிறகுதான் பாடம்: எக்ஸர்சிசம், ஒரு பி.எச்.பி-காரன் பார்வையில்

ஏற்கெனவே ஒரு புரோகிராமிங் மொழியில் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இன்னொரு மொழியை எப்படிச் சொல்லித்தருவது என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. கோ மொழி கற்கலாம் என்று ஒரு தளத்தில் தள்ளுபடி விலைக்கு வீடியோ வகுப்பு ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். மொத்தம் 40 மணி நேரம். அதில் முதல் ஆறு மணி நேரம், வேரியபிள் என்றால் என்ன, லூப் எதற்கு என்பதிலேயே போய்விட்டது. பத்து வருடத்துக்கு மேல் பி.எச்.பி-யில் சோறு தின்கிற எனக்கு அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டும் தூக்கம்தான் வந்தது. இன்னொரு பக்கம் மொழியின் அதிகாரபூர்வ ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படித்து முடித்து எடிட்டரைத் திறந்தால், கை மட்டும் பழைய மொழியையே எழுதும். எழுத்து கோ, நினைப்பு பி.எச்.பி.

எனக்குக் கோ தேவைப்பட்டது ஆசையால் அல்ல. கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கும் டீலர்களுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்துகொடுக்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. லாரிகளின் ஜி.பி.எஸ் தகவலை வாங்கிச் சேமிக்கிற ஒரு சேவையை மட்டும் ஒரு தம்பி கோ மொழியில் எழுதிவைத்தார், நன்றாகவும் எழுதினார். பெங்களூரில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டார். நோட்டீஸ் பீரியடில் அவர் என்னிடம் ஒப்படைத்தது கோட் மொத்தமும் இருக்கும் ஒரு கிட் ரெபாசிட்டரியும் “படிச்சா புரியும்ணா” என்ற நம்பிக்கையும்தான். சரி, படிப்போம் என்று தேடியபோது கிடைத்ததுதான் எக்ஸர்சிசம்.

கத்ரீனா ஓவன் என்ற மென்பொருளாளர் 2013-ல் தொடங்கிய தளம் இது. இப்போது லாப நோக்கமில்லாத அமைப்பாக நடக்கிறது. 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பயிற்சிகள் வைத்திருக்கிறார்கள். கோ, ரஸ்ட், பைத்தான் மட்டுமில்லை. கோபோல், ப்ரோலாக், ஜிக், க்ளீம் என்று எல்லாம் உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் ‘டிராக்’ என்று ஒரு பாதை. பாதையில் சேரக் காசு கிடையாது, பயிற்சி செய்யக் காசு கிடையாது, நாம் எழுதிய கோடை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துக் கருத்துச் சொல்வதற்கும் காசு கிடையாது. நன்கொடையில் ஓடுகிறது. பயிற்சிகள், டெஸ்ட்கள் எல்லாமே கிட்ஹப்பில் திறந்து கிடக்கின்றன.

வேலை நடக்கும் விதம் நமக்குப் பழக்கமானதுதான். உலாவியிலேயே ஒரு எடிட்டர் இருக்கிறது, அவசரத்துக்கு அது போதும். ஆனால் நம் போன்றவர்களுக்கு அவர்களுடைய டெர்மினல் கருவிதான் சரி. டவுன்லோட் கட்டளை கொடுத்தால் ஒரு ஃபோல்டர் வரும். உள்ளே கணக்கு என்னவென்று சொல்லும் குறிப்பு, நாம் எழுத வேண்டிய காலிக் கோப்பு, எழுதியது சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் கோப்பு. நம்முடைய எடிட்டரில் எழுதி, அந்த மொழியின் சொந்தக் கருவியால் டெஸ்ட் ஓட்டி, எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகிப் பச்சையானதும் சப்மிட் கட்டளையால் அனுப்ப வேண்டும். ரஸ்ட்டின் கார்கோ, எலிக்சர் மொழியின் மிக்ஸ், கோவின் கோ டெஸ்ட் ஆகியவை இந்தச் சாக்கில் கைக்கு வந்துவிடும். ரஸ்ட்டிலும் எலிக்சரிலும் முதல் டெஸ்ட்டைத் தவிர மற்றதையெல்லாம் தூங்கவைத்தே அனுப்புவார்கள். ஒன்று பாஸ் ஆனதும் அடுத்ததை எழுப்ப வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஒரே கட்டளையில் மொத்தத்தையும் எழுப்பிக்கொள்ளலாம். நான் இரண்டாவது வகை.

இதுவரை சொன்னதைச் செய்ய வேறு தளங்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் டெஸ்ட் பச்சையானால் கைதட்டல், புள்ளி, அடுத்த கணக்கு. இங்கே பச்சைக்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. லீப் என்ற பயிற்சியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது கிட்டத்தட்ட எல்லாப் பாதையிலும் ஆரம்பத்திலேயே வரும்.

கணக்கு சின்னது. ஒரு வருடத்தைக் கொடுத்தால் லீப் வருடமா என்று சொல்ல வேண்டும். 4-ஆல் வகுபட்டால் ஆம். 100-ஆல் வகுபட்டால் இல்லை. 400-ஆல் வகுபட்டால் மறுபடி ஆம். 1996 உண்டு, 1900 கிடையாது, 2000 உண்டு. இதை எழுத நமக்கு இரண்டு நிமிடம்கூட வேண்டாம். அதனால்தான் இது நல்ல பயிற்சி. கணக்கை யோசிக்க மூளை செலவாகாததால், மொழியை யோசிக்க முழு மூளையும் மிச்சம்.

கோ மொழியில் ஒரே வரி: மூன்று மீதிகளை ‘அண்ட்’, ‘ஆர்’ போட்டு இணைத்து அப்படியே திருப்பி அனுப்பினேன். பி.எச்.பி-யிலும் அதைத்தான் செய்வேன். மொழி மாறியதே தெரியவில்லை. எலிக்சரில்தான் வழி மாறியது. பழக்கத்தில் ஒரு ஃபங்ஷன், உள்ளே ஒரு இஃப், அதற்குள் இன்னொரு இஃப் என்று எழுதி அனுப்பினேன். எல்லாம் பச்சை. வழிகாட்டி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன், மறுநாள் ஒருவர் எழுதினார். ஓடுகிறது, தப்பில்லை, ஆனால் இதே ஃபங்ஷனை நான்கு தடவை எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள் என்றார். ஒரே பெயரில் நான்கு ஃபங்ஷனா? பி.எச்.பி-யில் அப்படிச் செய்தால் ஃபேட்டல் எரர்.

எலிக்சரில் அதுதான் நடைமுறை. முதல் ஃபங்ஷனின் தலையிலேயே ‘வருடம் 400-ஆல் வகுபடும்போது’ என்று ஒரு காவல் நிபந்தனை, பதில் ட்ரூ. இரண்டாவதின் தலையில் 100, பதில் ஃபால்ஸ். மூன்றாவதில் 4, பதில் ட்ரூ. நான்காவதில் நிபந்தனையே இல்லை, எது வந்தாலும் ஃபால்ஸ். மேலிருந்து கீழாக எது முதலில் பொருந்துகிறதோ அது ஓடும். முழுக் கோடிலும் இஃப் என்ற சொல் கிடையாது. படித்தால் பள்ளிப் புத்தகத்தில் விதியை எழுதியிருப்பதைப் போலவே இருக்கிறது. வரிசை மாறினால் மட்டும் விபரீதம்: 4-ஆல் வகுபடும் ஃபங்ஷனை மேலே தூக்கிப்போட்டால் 1900 லீப் வருடமாகிவிடும். இதை ஆவணங்கள் சொல்லித்தராமல் இல்லை. பேட்டர்ன் மேட்சிங் என்ற தலைப்பில் நானும் படித்ததுதான். ஆனால் என் சொந்தக் கோடை எடுத்து, இந்த இடத்தில் அதைப் போடு என்று ஒருவர் காட்டும் வரை அது எனக்குப் பாடத்தில் இருந்த ஒரு அத்தியாயம், அவ்வளவுதான்.

ரஸ்ட்டில் அதே லீப் இன்னொரு மாதிரி. மூன்று மீதிகளையும் ஒரு தொகுப்பாக்கி ‘மேட்ச்’ போட்டேன். 400-இன் மீதி பூஜ்யமா, ட்ரூ. 100-இன் மீதி பூஜ்யமா, ஃபால்ஸ். 4-இன் மீதி பூஜ்யமா, ட்ரூ. அத்துடன் நிறுத்தினால், கோடை ஓடும் நிரலாக மாற்றித்தரும் கம்பைலர் விடாது: மற்ற எண்களுக்கு என்ன பதில் என்று சொல்லவில்லையே என்று எந்த வகை விடுபட்டது என்பதையும் காட்டி நிறுத்திவைக்கும். பி.எச்.பி 8-லும் மேட்ச் வந்துவிட்டது. ஆனால் அங்கே விடுபட்ட வகை தெரிவது கோட் ஓடும்போது, அதுவும் அந்த மதிப்பு உள்ளே வந்தால்தான். அதாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், கஸ்டமர் சைட்டில். ஒரே கணக்கை மூன்று மொழியில் போட்டதால்தான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது. தனித்தனியாகப் படித்திருந்தால் ‘ஓஹோ, இங்கேயும் மேட்ச் இருக்கிறது’ என்று தாண்டிப் போயிருப்பேன்.

2024-ல் இதையே ஒரு திட்டமாக நடத்தினார்கள். வாராவாரம் ஒரு பயிற்சி, வருடத்தில் மொத்தம் 48. ஒவ்வொன்றையும் மூன்று மொழியில் முடிக்கச் சொல்லி, பதக்கமும் வைத்தார்கள். பதக்கம் திரையில்தான், கையில் வராது. அதற்கு முந்தைய வருடம் 12 மாதத்தில் 12 மொழி. அலுவலகம், ஸ்ப்ரின்ட், ஈ.பி கட்டணம், பையனின் வீட்டுப்பாடம் எல்லாம் உள்ள ஆளுக்கு 12 மொழி என்பது வேண்டாத வேலை. மூன்று மொழியில் ஒரு கணக்கு என்ற யோசனை மட்டும் உண்மையிலேயே நல்ல யோசனை.

வேலைக்கு நேரடியாக உதவியது ஹாமிங் என்ற பயிற்சி. இரண்டு டி.என்.ஏ இழைகள், எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ண வேண்டும். நீளம் வேறுபட்டால் பிழை. பி.எச்.பி ஆளுக்குப் பிழை என்றதும் எக்ஸெப்ஷன்தான் தோன்றும். கோவில் எக்ஸெப்ஷன் கிடையாது. ஃபங்ஷன் இரண்டு மதிப்புகளைத் திருப்பித் தரும்: விடை ஒன்று, பிழை ஒன்று. அழைத்தவர் முதலில் பிழையைப் பார்க்க வேண்டும். இது டெஸ்ட்டிலேயே இருப்பதால் எப்படியும் எழுதிவிடுவோம். வழிகாட்டி பார்த்தது வேறு. பிழை இருந்தால் உடனே வெளியேறு, எல்ஸ் போட்டு மீதிக் கோடை உள்ளே தள்ளாதே. நல்லபடியாக ஓடும் பாதை இடது ஓரத்திலேயே நேராக இறங்கட்டும் என்றார். பிழைச் செய்தியைப் பெரிய எழுத்தில் தொடங்காதே, கடைசியில் புள்ளி வைக்காதே என்றும் சொன்னார். முதலில் இது என்ன இலக்கண வாத்தியார் வேலை என்று நினைத்தேன். காரணமும் எழுதியிருந்தார்: கோவில் ஒரு பிழையை இன்னொரு பிழை சுற்றிக்கொண்டு மேலே போகும், உங்கள் வாக்கியம் கடைசியில் வேறொரு நீண்ட வரியின் நடுவில் போய் உட்காரும்.

அதைப் படித்துவிட்டு அந்தத் தம்பி விட்டுப்போன ஜி.பி.எஸ் சேவையைத் திறந்தேன். மூன்று வரிக்கு ஒரு தடவை ‘இஃப் எர்ர்’, அதாவது பிழை இருந்தால், என்று வருவது அதுவரை எனக்கு வெறும் இரைச்சல். இப்போது, எந்த இடத்தில் என்ன தப்பலாம் என்று அவர் வரிசையாக யோசித்திருப்பது தெரிந்தது. லாக் கோப்பில் வரும் நீள வரிகளை எங்கே பிரித்துப் படிப்பது என்பதும் புரிந்தது. அந்த வாரமே ஒரு பக்கைப் பிடித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

கோவைக்காரன் எத்தனை வருடம் சென்னையில் இருந்தாலும் பேச்சில் ‘ஏனுங்க’ எட்டிப்பார்க்கும். கோடிலும் அப்படித்தான், நமக்கு நம் சாயல் கேட்பதே இல்லை. அந்த மொழியிலேயே இருப்பவர் ஒருவர் கேட்டுச் சொன்னால்தான் உண்டு. கம்பெனியில் சீனியர் இருந்தால் ரிவ்யூவில் சொல்வார். எங்கள் அலுவலகத்தில் கோ தெரிந்த சீனியர் இப்போது நான்தான்.

இனி நான் மிகவும் ரசித்த பயிற்சி. பெயர் ரிவர்ஸ் ஸ்ட்ரிங். சொல்லைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். கல்லூரி வைவாவில் கேட்கிற கேள்வி. ரஸ்ட் பாதையில் இதற்கு ஒரு கூடுதல் டெஸ்ட் உண்டு. மேலே இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்து ஒன்று, எழுத்தும் புள்ளியும் பிரியாமல் திரும்ப வேண்டும். ஜெர்மனுக்கு ஒரு எழுத்துதான் பிரச்சினை, நமக்கு மொழியே அதுதான் என்று தோன்றியது. டெஸ்ட் கோப்பில் நானே ஒரு வரி சேர்த்து ‘தமிழ்’ என்று கொடுத்தேன்.

ரஸ்ட்டில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஐந்து குறிகள், ஆகவே 15. குறிகளை எண்ணச் சொன்னால் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் ஒன்றாம் வகுப்பில் எண்ணியபடி எண்ண வேண்டுமானால், எழுத்துக் கூட்டங்களைப் பிரிக்கும் தனி லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் 3 வருகிறது. குறி குறியாகத் திருப்பினால் என்ன ஆகிறது தெரியுமா? புள்ளி முதலில் வந்து, சாய ஆளில்லாமல் ஒரு வட்டத்தின் தலையில் நிற்கிறது. மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு ‘ழிமத’ என்றாகிறது. எழுத்துக் கூட்டமாகத் திருப்பினால்தான் ‘ழ்மித’.

அப்புறம் சும்மா இருக்க முடியுமா? எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் ஓட்டிப் பார்த்தேன். பி.எச்.பி-யின் சாதாரண நீளக் கணக்கு 15, எம்.பி என்று தொடங்கும் வகை 5, கிராஃபீம் என்று தொடங்கும் வகை 3. ஜாவாஸ்கிரிப்ட் 5, பைத்தான் 5. கோவில் நேராகக் கேட்டால் 15, ரூன் என்று அது சொல்லும் குறிக் கணக்கில் 5. எலிக்சர் மட்டும் எந்த லைப்ரரியும் கேட்காமல் 3 என்றது, திருப்பச் சொன்னால் ‘ழ்மித’ என்று சரியாகவும் திருப்பியது. எங்கள் பில்லில் டீலர் பெயர் 20 எழுத்துக்கு மேல் போனால் வெட்டும் கோட் ஒன்று உண்டு. தமிழ்ப் பெயர்களில் சில சமயம் கடைசி எழுத்தின் கொம்பும் காலும் காணாமல் போகும் காரணத்தை இந்த இலவசப் பயிற்சிதான் காட்டிக்கொடுத்தது. அதைத் திருத்தியும்விட்டோம்.

க்ளாக் என்ற பயிற்சியும் இந்த ரகம். தேதி இல்லாத கடிகாரம், மணியும் நிமிடமும் கூட்டிக் கழிக்க வேண்டும். மணி கழித்தல் 1, நிமிடம் 15 என்று ஒரு டெஸ்ட் வரும். விடை 23:15. நிமிடத்தில் அது கழித்தல் 45. ஒரு நாளின் 1440 நிமிடத்தால் வகுத்து மீதி எடுத்தால் பைத்தான் 1395 என்று தரும், அப்படியே 23:15. கோ, ரஸ்ட், பி.எச்.பி மூன்றும் கழித்தல் 45-ஐயே திருப்பித் தரும். ரஸ்ட்டில் இதற்கென்று யூக்ளிட் பெயரில் தனி மீதிக் கணக்கு இருக்கிறது. கோவில் நாமே கூட்டிச் சரிசெய்ய வேண்டும். ஷிஃப்ட் நேரக் கணக்குப் போடும் எந்த மென்பொருளிலும் இது வந்தே தீரும்.

வழிகாட்டி கிடைக்காத நேரத்தில் என்ன செய்வது? அவர்கள் தன்னார்வலர்கள், அவரவர் ஓய்வு நேரத்தில் வருகிறார்கள். எப்போது பதில் வரும் என்று நேரம் குறிக்க முடியாது. கூட்டம் அதிகமுள்ள மொழி, ஆள் குறைந்த மொழி என்று வித்தியாசம் இருக்கும். அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் தீர்வை அனுப்பிய பிறகு மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை: நட்சத்திரம் வாங்கிய தீர்வுகள் எல்லாம் நல்ல கோட் என்று நினைக்க வேண்டாம். நூறு எழுத்தில் வித்தை காட்டியதற்கும் நட்சத்திரம் விழும். அதைவிட நல்லது ‘அப்ரோச்’ என்ற பெயரில் சில பயிற்சிகளுக்கு அவர்களே எழுதிவைத்திருக்கும் கட்டுரைகள். ஒரே கணக்கை எத்தனை விதமாகப் போடலாம், எது எப்போது பொருந்தும் என்று நிதானமாகச் சொல்கின்றன. சில பாதைகளில் இயந்திரமே கோடைப் படித்துச் சின்னச் சின்னக் குறிப்புகள் தரும். அதுவும் பரவாயில்லை.

ரஸ்ட்டைப் பொறுத்தவரை கம்பைலரே பாதி வழிகாட்டி. ஸ்ட்ரிங் போன்ற ஒரு மதிப்பை ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் அதைத் தொட்டால் ஈ0382 என்ற எண்ணுடன் பிழை வரும். எந்த வரியில் கைமாறியது, எந்த வரியில் மறுபடி தொட்டாய், வேண்டுமானால் இப்படிச் செய் என்று மூன்றையும் சொல்லும். அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் டெர்மினலிலேயே ஒரு குட்டிப் பாடம் நடத்தும்.

பாடமுறை, பயிற்சிமுறை என்று இரண்டு உண்டு. பாடமுறையில் ஒவ்வொரு கருத்தாகத் திறந்துகொண்டு போகும். பல பாதைகளில் முதல் பாடம் லூசியன் என்பவர் லசானியா என்ற இத்தாலிய அடுக்கு உணவைச் சமைப்பது. அடுப்பில் 40 நிமிடம், ஒரு அடுக்குக்கு 2 நிமிடம், கூட்டிச் சொல். வேரியபிளும் ஃபங்ஷனும் எழுதத் தெரிந்தவருக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் எலிக்சர் மாதிரி நினைப்பே மாறுகிற மொழிக்கு நான் பாடமுறையைத்தான் சொல்வேன். ஒவ்வொரு கருத்துக்கும் உள்ள குறிப்பு சுருக்கமாக, வளவளவென்று இல்லாமல் இருக்கிறது. கோவுக்கு நேராகப் பயிற்சிமுறைக்குப் போகலாம்.

எதெல்லாம் இங்கே கிடைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு கோப்பு, ஒன்றிரண்டு ஃபங்ஷன். டெஸ்ட்டை வேறு யாரோ எழுதித்தருகிறார்கள். ப்ராஜெக்ட்டை எப்படி ஃபோல்டர்களாகப் பிரிப்பது, டேட்டாபேஸ் இணைப்பை எங்கே வைப்பது, சர்வரில் எப்படி ஏற்றுவது, இதெல்லாம் கிடையாது. கோவின் பெருமையே ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பது. அதற்குப் பேரலல் லெட்டர் ஃப்ரீக்வன்சி மாதிரி ஒன்றிரண்டு பயிற்சிகள் இருந்தாலும், அந்த வேலைகளுக்கு இடையே தகவல் போகும் சேனல் அடைத்துக்கொண்டு நிற்கும் அனுபவம் உண்மையான சேவையில்தான் கிடைக்கும்.

வெப் கருவிகள் அறவே கிடையாது. ரியாக்ட், டெயில்விண்ட், வீட் எதுவும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம், அது தளத்தின் நோக்கமும் இல்லை. அவற்றுக்கு என் வழி வேறு. ஹெச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பற்றி எதுவானாலும் மொசில்லாவின் எம்.டி.என், கருவிகளுக்கு அந்தந்தக் கருவியின் சொந்த ஆவணம், அதுவும் வேலை வரும்போது மட்டும். வெப்பேக் என்ற கருவியின் கட்டமைப்புக் கோப்பை மனப்பாடமாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. எவான் யூ என்பவர் 2020-ல் வீட் கருவியைக் கொண்டுவந்தார், அந்த மனப்பாடம் வீணாயிற்று. கருவி மாறும், அதனால் தேவைக்கு மேல் படிப்பதில்லை. கோவில் வெப் பக்கம் பழக, அலுவலக டீக்கடைக் கணக்கை எழுதிவைக்கும் சின்னச் செயலி ஒன்றைச் செய்தேன். 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பிலிருந்து கோவின் சொந்த லைப்ரரியிலேயே ‘கெட்’, ‘போஸ்ட்’ என்று பிரித்து, முகவரியில் மாறும் பகுதிக்குப் பெயர் வைத்துப் பாதை எழுத முடிகிறது. டீக் கணக்குக்கு ஃப்ரேம்வொர்க் தேவைப்படவில்லை. பி.எச்.பி-யின் லாராவெல் ஃப்ரேம்வொர்க்கில் வளர்ந்தவனுக்கு அதுவே ஆச்சரியம்.

ஏ.ஐ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஜூனியர் ஒருவர் கேட்டார். ஹாமிங் கோடை ஏ.ஐ ஒரு நொடியில் எழுதும், மறுப்பதற்கில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஜி.பி.எஸ் சேவை நின்றுபோனால், அது எழுதித்தருவது சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். பயிற்சி செய்யும்போது எடிட்டரில் அந்த உதவியை அணைத்துவிடுகிறேன். தானாகவே மீதி வரியை நிரப்பிவிட்டால் இந்தத் தளத்துக்கு வந்ததற்கே அர்த்தமில்லை.

ஆங்கிலம் பற்றிக் கேட்பார்கள். கணக்குகளும் உரையாடலும் ஆங்கிலத்தில்தான். அலுவலக மெயில் எழுதும் ஆங்கிலம் தாராளமாகப் போதும். எதிரில் இருப்பவரும் பல சமயம் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதுபவர்தான். நிறுத்தி, சின்ன வாக்கியமாக எழுதினால் இருவருக்கும் நல்லது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? முதல் மொழியே இதில் கற்க வருபவருக்கு அவ்வளவாக இல்லை, தடுமாறுவார்கள். இன்டர்வியூவுக்குத் தயாராகிறவருக்கும் இல்லை, அதற்கான கணக்குத் தளங்கள் வேறு. ஒரு மொழியில் நன்றாக எழுதி, இரண்டாவதில் கால் வைக்கிற, வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் ஒதுக்க முடிகிற ஆளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது, பல கோப்புகள் கொண்ட பெரிய பயிற்சி இல்லாததற்கு.

வழிகாட்டி கேட்கும்போது ஒரு குறிப்பு எழுதச் சொல்வார்கள். ‘என் கோடைப் பாருங்கள்’ என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். ‘பி.எச்.பி-யிலிருந்து வருகிறேன், இது ஓடுகிறது, கோ மொழியிலேயே இருப்பவர் இதை எப்படி எழுதுவார்?’ என்று எழுதுங்கள், பதில் இரண்டு மடங்கு நீளமாக வரும். லீப், ஹாமிங், க்ளாக் இந்த மூன்றுக்கும் கட்டாயம் கேளுங்கள். ரெயின்ட்ராப்ஸ், கிகாசெகண்ட் போன்றவற்றுக்கு மற்றவர்களின் தீர்வைப் பார்த்தாலே போதும். உரையாடல் முடிந்ததும் வழிகாட்டியைப் பற்றி நாலு வரி எழுத ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அதை மூடிவிடாதீர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, தளத்தில் கொஞ்சம் மதிப்புப் புள்ளியும் அந்த நாலு வரியும்தான்.